கையில் பிரஷர் நார்மல், நுரையீரலில்?

எங்கள் பெரியம்மா தைப்பூசத்துக்குச் சென்னிமலைப் படியை நிற்காமல் ஏறுகிறவர். ஒரு வருஷம் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வயசாச்சு கண்ணு, இளைக்குது" என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். அப்புறம் இரண்டு வருஷம், போன இடத்திலெல்லாம் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து 120/80, பிரஷர் நார்மல் என்றார்கள். கால் வீங்கி, ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுத்தோம். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக அதிகம்.

கைப் பட்டையை மட்டும் நம்பியதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. இதயத்தின் இடது பக்கம் உடம்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அழுத்தத்தைத்தான் அது காட்டும். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புவதற்குத் தனிக் குழாய், தனி அழுத்தம். அங்கே சராசரி 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே அதிகம். வலது பக்கச் சுவர் மெல்லியது. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி விரிந்து சோர்ந்துபோகும். கால் வீங்குவது அப்போதுதான்.

பஞ்சாலைக்குப் போனவருக்கு இளைத்தால் பஞ்சுத் தூசி என்று இன்ஹேலர், பெண்களுக்கு இளைத்தால் ரத்தசோகை என்று டானிக். அதோடு நிறுத்திவிடுகிறோம். பஞ்சுத் தூசியும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும், நிஜம்தான். ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோயே இந்த அழுத்தத்தையும் ஏற்றலாம். மருந்தெடுத்தும் இளைப்பு கூடிக்கொண்டே போனால் எக்கோ வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

எக்கோவில் தெரிந்ததும் மாத்திரைக்கு அவசரப்படுவது அடுத்த தவறு. எக்கோ தருவது மதிப்பீடு. வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அளந்தால்தான் உறுதி. எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியமே. பெரியம்மாவுக்குச் சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலில் இடதுபக்க வால்வு சுருங்கியிருந்தது. பலூனால் அதை விரித்தபின் அழுத்தம் இறங்கியது. இன்னும் சிலருக்கு நுரையீரல் குழாயில் பழைய ரத்தக்கட்டி அடைத்திருக்கும். அதைத் தேட தனி ஸ்கேன் உண்டு; பலருக்கு அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிடலாம்.

அதனால் அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. இந்த அழுத்தத்துக்குத் தரும் சில்டெனாஃபில் சிலருக்கு நல்ல மருந்து. ஆண்மைக்கான மாத்திரையாயிற்றே என்று கூச்சப்பட்டு நிறுத்துகிறவர்களும் உண்டு, நிறுத்தாதீர்கள். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். இந்த நோயோடு கருத்தரிப்பதும் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்; குழந்தை பற்றி யோசிக்கும்முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், ஊட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம், ஆனால் அது 2,240 மீட்டர் உயரம். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் குழாய்கள் இன்னும் இறுகும். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று மருத்துவரைக் கேட்காமல் வண்டி ஏறிவிடாதீர்கள்.