முட்டை அவிக்கக்கூடவா சொல்லித்தர வேண்டும்?

போன வாரம் தங்கை மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். எவர்சில்வர் தட்டில் ஆறு அவித்த முட்டை. ஒன்றுகூட முழுசாக இல்லை, எல்லாம் அம்மை வந்த முகம் மாதிரி பள்ளம் பள்ளமாக. "பெரியம்மா, பாதி முட்டை ஓட்டோடயே போயிடுச்சு. இத்தனைக்கும் இன்னைக்குக் காலைல வந்த ஃப்ரெஷ் முட்டை!"

அந்த 'இத்தனைக்கும்' என்ற வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. தண்ணீர் வற்றும்வரை டிவி பார்ப்பது போன்ற தவறுகளை யாரும் சொல்ல வேண்டாம், பாத்திரமே சொல்லிவிடும். பாத்திரம் சொல்லாத தவறுகள்தான் கீழே.

புத்தம்புது முட்டையை அவிப்பது

ஏழெட்டு வருடம் முன்பு வீட்டில் முப்பது பேருக்குப் பிரியாணி, தலைக்கு ஒரு முட்டை. தெரிந்தவர் ஒருவர் பண்ணையிலிருந்து அன்று இட்ட முட்டையாக ஒரு அட்டை கொண்டுவந்தார். எனக்கு ஒரே பெருமை. அவித்து, ஆறவைத்து, உரிக்க உட்கார்ந்தால் ஓடு அசையவில்லை. விரல்நுனி அளவு ஓட்டைப் பெயர்த்தால் கூடவே ஒரு துண்டு வெள்ளைக்கரு. நகக்கண்ணெல்லாம் சில்லு. நானும் நாத்தனாரும் முக்கால் மணி நேரம் போராடியதில், இலையில் வைக்கிற மாதிரி தேறியது பதினொன்று. மீதியை உதிர்த்துப் பொடிமாஸ் செய்தோம். பிறகு தெருமுனைக் கடையில் இன்னொரு அட்டை. அது எத்தனை நாள் கிடந்ததோ, ஓடு சட்டை கழற்றுவதுபோல் வந்தது. இரண்டு அட்டைக் காசு போனது ஒரு பக்கம்; பழைய முட்டையிடம் தோற்றதுதான் இன்றுவரை எரிச்சல்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அப்போது வெந்தால் அது ஓட்டின் உள்சவ்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே வாயு வெளியேறி, காரத்தன்மை கூடும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 8-க்குக் கீழிருந்து 9-க்கு மேல் ஏறும். பிடி தளர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் ஏழு முதல் பத்து நாள் இருந்த முட்டைதான் அவிக்க நல்லது. புதுசு ஆஃப்பாயிலுக்கு, மஞ்சள்கரு குன்றுமாதிரி நிற்கும்.

தங்கை மகளிடம் இன்னும் ஆறு முட்டை மிச்சம். அடுத்த ஞாயிறுவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுவது

என் அம்மா இப்படித்தான் செய்வார், அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கொதித்தபின் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள், தீயைக் குறையுங்கள். முழுசாக வேக 11 நிமிடம். நாட்டுக்கோழி முட்டை சின்னது, 9 போதும். உயரத்தில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்பு போட்டால் உரிக்கச் சுலபம் என்பார்கள். எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. முட்டை விரிசல் விட்டால், வழிகிற வெள்ளை சீக்கிரம் உறைய உப்பு உதவும், அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்"

வேண்டாம். மஞ்சள்கருவைச் சுற்றி வரும் பச்சை வளையம் இதனால்தான்: வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் சேர்கின்றன. உடம்புக்குக் கெடுதல் இல்லை, வாடைதான் சகிக்காது. இறக்கியதும் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சென்னை மே மாதத்துக் குழாய்த் தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீர் என்று நம்பாதீர்கள், ஐஸ் போடுங்கள்.

மைக்ரோவேவில் ஓட்டோடு

வெடிக்கும்.

கூர்முனையில் உரிக்கத் தொடங்குவது

காற்றறை இருப்பது மழுங்கிய முனையில். அங்கே தட்டி, சவ்வோடு சேர்த்துப் பிடித்து, குழாயடியில் உரியுங்கள்.