மூச்சு வாங்குதா? முதலில் வெளியே விடுங்கள்

யாருக்காவது மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே "நல்லா இழுத்து விடு" என்பார்கள். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவரிடம் அதை மட்டும் சொல்லாதீர்கள். பீடி, சிகரெட்டாலோ வருஷக்கணக்கில் விறகடுப்பு ஊதியோ கெட்டுப்போன நுரையீரலில் காற்றை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு; விடும்போது சின்னக் குழாய்கள் பாதியிலேயே மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது, அதன் மேல் இன்னும் இழுத்தால் அது எங்கே போகும்?

அதனால் உதடு குவித்து விடும் பயிற்சிதான் முதலில். நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தளரவிட்டு, வாயை மூடி மூக்கால் மெதுவாக இழுங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு. அப்புறம் சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடுங்கள். குவித்த உதடு வெளியேறும் காற்றுக்குச் சின்னதாகத் தடை போட, அந்த அழுத்தத்தில் குழாய்கள் மூடாமல் நிற்கும். முக்கி ஊதக் கூடாது. என் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை, பலூன் ஊதுவதுபோல கன்னம் உப்ப ஊதி ஊதி இருமினார். கடைசியில் அகல் விளக்கை எட்ட வைத்து, "சுடர் ஆடணும், அணையக் கூடாது" என்றேன், வந்துவிட்டது. (வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் விளக்குப் பக்கமே போக வேண்டாம், காபியை நினைத்துக்கொண்டால் போதும்.)

மாடி ஏறும்போது, நின்று இழுங்கள், விட்டுக்கொண்டே ஏறுங்கள். குடம் தூக்கவும் குனிந்து செருப்பு மாட்டவும் இதே கணக்குதான். ரொம்ப இரைத்தால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

வயிற்று மூச்சும் உண்டு: ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில், வயிற்றுக் கைதான் எழ வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இதுவே கூடுதல் பளுவாகலாம், பிசியோதெரபிஸ்டைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆஸ்துமா வேறு கதை. வீங்கிச் சுருங்கிய குழாயைப் பயிற்சி திறக்காது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும் பழக்கம் அடங்கும், அன்றாடம் கொஞ்சம் இலகுவாகும், அவ்வளவுதான். வீசிங் வந்தால் முதலில் இன்ஹேலர், அப்புறம்தான் உதடு குவிப்பு. தினமும் போடும் தடுப்பு இன்ஹேலரைப் பயிற்சியை நம்பி நிறுத்தாதீர்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி யோகப் பயிற்சி இரைக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை என்றால் உடனே 108.

சரி, எப்போது பழகுவது? உடம்பு நன்றாக இருக்கும் நாளில், தினமும் சில நிமிடம். அம்மா சீரியலுக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் செய்கிறார்.