பெயர்ப் பட்டியல் இல்லாமல் பரிசு வாங்கப் போகாதீர்கள்

கிறிஸ்துமஸ் எந்த வருஷமும் டிசம்பர் 25-ஐ விட்டு மாறுவதில்லை. ஆனாலும் 20-ஆம் தேதி வந்துவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்றதுபோல் பதறுகிறோம். 'அடுத்த தடவை சீக்கிரமே வாங்கிவிட வேண்டும்' என்ற சபதமும் வருஷா வருஷம் உண்டு. ஆனால் சீக்கிரம் கிளம்புவது மட்டும் போதாது. யாருக்கு என்ன என்பதைக் கடைக்குள் நின்று யோசிப்பதுதான் பெரிய தவறு. கூட்டமும் தள்ளுபடிப் பலகையும் அங்கே யோசிக்க விடாது.

நவம்பர் தொடக்கத்திலேயே பெயர்களை எழுதிவிடுங்கள். பெயருக்கு நேரே பொருளை எழுத வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்த ஏதாவதொன்றை எழுதுங்கள்: 'மூக்குக்கண்ணாடியைத் தினமும் தேடுகிறார்', 'மறுபடி தையல் பழகணும் என்றாள்'. பொருள் தானாகப் பிடிபடும். எதுவுமே தோன்றாத பெயர் இருந்தால், அவரிடமே கேட்டுவிடுவதில் வெட்கம் வேண்டாம்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கிடைத்த பரிசை நீங்களே வாங்குவதானால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டிருந்தார். அன்பின் மதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்கிட்டார். நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு. எப்போதாவது பார்க்கும் உறவினர்கள் கொடுத்ததில் அதிகம். ஆக, பட்டியலில் தூரத்துப் பெயர்களுக்குத்தான் கூடுதல் யோசனை தேவை.

பெரிய தள்ளுபடி விற்பனை நாளான பிளாக் ஃபிரைடே நவம்பர் 23-க்கும் 29-க்கும் இடையில் வரும். அடித்துக் காட்டப்படும் பழைய விலையை அப்படியே நம்பாதீர்கள். வேண்டிய பொருளின் விலையை அக்டோபரிலேயே குறித்து வைத்தால் உண்மை தெரியும். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டு, அதற்கு ஆள் தேடுவது சேமிப்பில் சேராது. பட்ஜெட் போடும்போது பரிசுத்தாளையும் கூரியர் செலவையும் விட்டுவிடாதீர்கள்.

வெளியூருக்கு அனுப்புபவர்கள் தடுமாறுவது கணக்கில்தான். 'ஐந்து வேலை நாள்' என்றால் ஒரு வாரம். வெளிநாடென்றால் சுங்கச் சோதனையும் சேரும். வாசனைத் திரவியம் தீப்பற்றக்கூடியது, பவர் பேங்கில் லித்தியம் பேட்டரி. விமானத் தபாலில் இவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

ரொம்ப முன்னதாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு பொதுவாக நீங்கள் வாங்கிய நாளிலோ பொருள் கைக்கு வந்த நாளிலோ தொடங்கிவிடும். பரிசைப் பிரிக்கும் நாளிலிருந்து அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைத் திருப்ப சட்டம் தரும் அவகாசம் 14 நாள். நவம்பரில் வாங்கிய சட்டை கிறிஸ்துமஸ் அன்று இறுக்கமாக இருந்தால் மாற்ற வழியிருக்காது. பண்டிகைக் காலத்துக்கு அவகாசம் நீட்டிக்கிறார்களா என்று கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புத்தகம், விளையாட்டுப் பொருள் முதலில். அளவு பார்த்து வாங்கும் துணியும் செருப்பும் கடைசியில். பொம்மைக்கு பேட்டரி தனியாக வாங்க வேண்டுமா என்று பெட்டியில் பாருங்கள். அழும் குழந்தையிடம் 'நாளைக்கு' என்று சொல்வது கொடுமை.

அப்புறம், ஒளித்து வைத்த இடம். குழந்தைகள் கண்ணில் படக்கூடாதென்று எங்கோ செருகிவிட்டு, மார்ச் மாதம் அலமாரி சுத்தம் செய்யும்போது கண்டெடுப்பவர்கள் நிறையப் பேர். பட்டியலில் அதற்கும் ஒரு பத்தி போட்டுவிடுங்கள்.