ஸ்க்ரோல் சாவில் உள்வெட்டு

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் ரம்ப மெஷின். பலகையின் ஓரத்தை வெட்டாமல் நடுவில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதே உள்வெட்டு. 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் நம்பர் பிளேடு போதும், 18 மி.மீ. கட்டைக்கு 5 அல்லது 7 (நம்பர் கூடக்கூட பிளேடு பெரிது). பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை மேசையை விட்டுத் துள்ளும்.

மரத்தின் மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் வரைபடத் தாள். பிறகு உரிப்பது சுலபம். வெட்டி எடுக்கும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும், கோட்டைத் தொடாமல், 2 மி.மீ. துளை போடுங்கள். (முனைகளில் குறுக்கே சிறு கம்பி, அதாவது 'pin', வைத்த பிளேடு இதில் நுழையாது, அது இல்லாத பிளேடே நல்லது.) துளையின் அடியில் பிசிறு நின்றால் பலகை ஆடும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மெஷினை அணைத்து, பிளேடின் மேல்முனையைக் கழற்றித் துளைவழியே விட்டு மாட்டி இறுக்குங்கள். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. தொய்ந்திருந்தால் வெட்டுமுகம் பீப்பாய்போல் புடைக்கும்.

பிளேடு ஒரு பக்கமாக இழுக்கிறதா? மெஷின் பழுதல்ல. பல்லின் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பிசிறுதான் காரணம். பலகையை மேசையில் படிந்தபடியே சற்றுக் கோணலாகத் திருப்பித் தள்ளுங்கள். கருகினால் பெரும்பாலும் பிளேடு மழுங்கிவிட்டது.

கடைசியாக 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நுண்ணிய இடைவெளிகளில் பிரஷ் போகாது. தட்டில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, வெட்டிய பலகையை அதில் முக்கியெடுத்துத் துணியால் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.