தெருவுக்குக் கேமரா வைக்கப் போகிறீர்களா? காவல் நிலையத்தோடு சேர்ந்து செய்ய வேண்டியவை

கேமராவுக்குப் பணம் வசூலிக்கும் முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். சென்னை போன்ற மாநகரங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு இன்னொருவர் இருப்பார். இந்த வேலைக்குப் பார்க்க வேண்டியவர் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். செயின் பறித்தவர்கள் எந்தப் பக்கம் வந்தார்கள், எந்தச் சந்தில் புகுந்து போனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தெருவை ஒரு தாளில் வரைந்துகொண்டு போங்கள். கடைகளும் வங்கியும் ஏற்கெனவே வைத்திருக்கும் கேமராக்களை அதில் குறியுங்கள். 'மூன்றாவது கண்' என்று சென்னைக் காவல்துறை ஊக்குவித்த பிறகு கேமராவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே முனையை நான்கு கேமரா பார்த்துக்கொண்டிருக்க, பின்சந்து யார் கண்ணிலும் படாமல் கிடப்பது சகஜம்.

ஒரே கேமராவில் தெரு முழுக்கவும் தெரிய வேண்டும், வண்டி நம்பரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் முதல் தப்பு. 2.8 மி.மீ. லென்ஸ் போட்ட 4 மெகாபிக்சல் கேமரா தெருவை அகலமாகக் காட்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண நாலைந்து மீட்டருக்குள் அவர் வர வேண்டும். நம்பர் பிளேட்டுக்குத் தனியாக 2.8-12 மி.மீ. வேரிஃபோக்கல் (தூரத்துக்கு ஏற்ப லென்ஸைக் கூட்டிக் குறைக்கும்) கேமரா ஒன்று வேண்டும். வண்டி வேகம் குறையும் இடத்தில், அதாவது வேகத்தடையில், அதைக் குறிவையுங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்க்க வைத்தால் இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பிளேட்டையே விழுங்கிவிடும். விலகிப் போகும் வண்டியின் பின்புறத்தைப் பார்க்கட்டும். ஷட்டரை ஆட்டோவில் விடாமல் 1/250 அல்லது 1/500 நொடி என்று நிறுத்துங்கள். படம் இருட்டாகத் தெரியும், எழுத்து இழுபடாது. உயரம் 10 முதல் 12 அடி. அதற்கு மேல் போனால் ஹெல்மெட்டின் உச்சிதான் கிடைக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்ப எண்ணைச் சொல்லி, சென்னையில் என்றால் 1913-இல், மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். கேமராவை விட இது மலிவு, சில இடங்களில் பலனும் அதிகம்.

படம் வரும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும் கேமரா என்றால் கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பதிவு 30 நாளாவது நிற்க வேண்டும்; வெளியூர் போனவர்கள் வீட்டில் திருட்டு நடந்தது திரும்பி வந்த பிறகுதான் தெரியும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 30 நாள் கணக்குப் போட்டால் 2.6 டி.பி. வருகிறது. 4 டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், அதுவும் கண்காணிப்புக்கென்றே வரும் வகையில்.

மின்சாரம் யார் வீட்டிலிருந்து? குடியிருப்போர் சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். நான்கு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து 60 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் கூடும். இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கேமரா யார் வீட்டுப் படுக்கையறை ஜன்னலையும் பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியை மறைக்க ரெக்கார்டரிலேயே வசதி உண்டு.

சம்பவம் நடந்த பிறகு அவசரத்தில் பலர் மானிட்டரைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாட்சி அந்த முகத்தைக் குரூப்பில் பார்த்துவிட்டால் பிறகு நடக்கும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லாமல் போகும். சம்பந்தமில்லாதவர் மாட்டிக்கொள்ளவும் கூடும். ரெக்கார்டரிலிருந்து அசல் கோப்பை, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, பென் டிரைவில் எடுங்கள். ரெக்கார்டர் கடிகாரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்துக் கொடுங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் செல்போன் டவர் விவரத்தோடு ஒத்துப்பார்க்கையில் வழக்கே சிக்கலாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி இந்தப் பதிவுக்குச் சான்றிதழ் தேவை: ஒரு பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர், மற்றதில் நிபுணர் கையெழுத்திடுவார். எனவே ரெக்கார்டருக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும், பாஸ்வேர்டு அவரிடம் மட்டும். போலீஸார் ரெக்கார்டரையே எடுத்துப் போனால் அதைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரின் நகல் கேட்டு வாங்குங்கள்.

ரோந்துக் காவலரோடு பழக்கம் வைத்துக்கொள்வது தனி வேலை. வெளியூர் போகும்போது பெயர், முகவரி, போகும் தேதி, வரும் தேதி, போன் எண் எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். பூட்டிய வீட்டையும் இரவு ரோந்தில் சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். ரோந்து வந்த காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே இருக்கிறது, கையெழுத்து விழுகிறதா என்று பார்த்து வைப்பதிலும் தப்பில்லை.

ஆனால் போலீஸ் வேலையை நீங்கள் செய்யப் போகாதீர்கள். 1993-இல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய, பொதுமக்கள் போலீஸுக்கு உதவும் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்புக்கு 2020-இல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பின் தமிழக அரசு தடை போட்டதை மறந்துவிடக் கூடாது. கண்ணெதிரே பிணையில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் பொதுமக்களும் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவு. அடிப்பதற்கு உரிமை கிடையாது. சந்தேகம் மட்டும் என்றால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

மாதம் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரிந்தவர் ஒருவரை பைக்கில் வேகத்தடை தாண்டிப் போகச் சொல்லுங்கள். பதிவில் நம்பர் படிக்க முடிகிறதா, 29 நாளுக்கு முந்தைய பதிவு இன்னும் இருக்கிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள். படிக்க முடியாவிட்டால் முதலில் லென்ஸ் கண்ணாடியில் சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.