ரன் வராத மாதங்களில் பேட்டிங்கை மீட்பது எப்படி

நாலு ஆட்டம் தொடர்ந்து ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆனவரிடம் "தைரியமா ஆடு" என்று சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கிரிக்கெட் லீக் ஆடுபவருக்கு வாரம் ஒரு ஆட்டம் கிடைத்தாலே பெரிது. இரண்டாவது பந்தில் அவுட் ஆனால் அடுத்த பந்தைப் பார்க்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மழை கெடுத்தால் பதினாலு. அத்தனை நாளும் மனசுக்குள் அதே அவுட்தான் திரும்பத் திரும்ப ஓடும். இதற்கு மருந்து, அடுத்த ஆட்டத்துக்குள் நூறு பந்தாவது மட்டையின் நடுவில் படும்படி செய்துகொள்வது. ஆனால் எந்த நூறு பந்து என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கோர் ஆப்பைத் திறந்து கடைசி ஆறு அவுட்டையும் எழுதுங்கள்: எத்தனையாவது பந்து, வேகமா சுழலா, பந்து எங்கே விழுந்தது, என்ன ஷாட். ரன் அவுட்டை அடித்துவிடுங்கள், அது பேட்டிங் கணக்கில் சேராது. ஆறில் மூன்று ஒரே மாதிரி இருந்தால் கோளாறு எதுவென்று தெரிந்துவிட்டது. ஆறும் ஆறு விதம், ஆனால் எல்லாம் முதல் பத்துப் பந்துக்குள் என்றால், அவசரம்தான் காரணம். கீப்பரிடமும் ஸ்லிப்பிலும் போகிறதென்றால் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்ற கணக்கு தவறிவிட்டது. நேர்ப் பந்தில் போல்டும் எல்பியுமாகப் போகிறதென்றால், பெரும்பாலும் தலை ஆஃப் பக்கம் சாய்கிறது.

இங்கே பிட்ச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர் மண் பிட்ச்சிலும் டென்னிஸ் பந்திலும் வளர்ந்தவருக்கு முன்காலை நீட்டி, பந்து எழும்போதே டிரைவ் அடிக்கும் பழக்கம் இருக்கும். சிங்கப்பூரில் பல மைதானங்களில் செயற்கை விரிப்புப் பிட்ச்தான். அதில் குட் லெங்த்தில், அதாவது முன்னே போவதா பின்னே போவதா என்று தடுமாற வைக்கும் தூரத்தில், விழும் கிரிக்கெட் பந்து முழங்கால் உயரத்தோடு நிற்காமல் பல நேரம் இடுப்பு வரை ஏறிவிடும். அதே டிரைவ் மட்டையின் மேல்பகுதியில் பட்டுக் கவரில் கேட்ச் ஆகும். விரிப்பில் லெங்த் பந்து பல நேரம் ஸ்டம்புக்கு மேலேதான் போகும் என்பதால், அதைத் தைரியமாக விடலாம். டிரைவைக் காலடிக்கு அருகே விழும் ஃபுல் லெங்த்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் பின்காலில் நின்று தாமதமாக ஆடுங்கள்.

பயம் முதலில் தெரிவது கையில். கீழ்க்கை கைப்பிடியை நெரிக்க ஆரம்பிக்கும். மட்டை நேராக இறங்காமல் குறுக்கே வரும். ஸ்டான்ஸில், அதாவது பந்துக்குத் தயாராக, நிற்கும்போது நண்பரை மட்டையை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். கூடவே தோளும் வந்தால் பிடி இறுக்கம். கீழ்க்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடித்தால் போதும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் கிளவுஸ் நனைந்துவிடும். நனைந்த கிளவுஸுக்குள் மட்டை வழுக்கும், கை தானாக இன்னும் நெரிக்கும். இரண்டு ஜோடி கிளவுஸ், உள்ளே பருத்தி இன்னர், வழவழப்பானதும் மாற்ற ஒரு ரப்பர் கிரிப். புது மட்டை வாங்குவதற்கு முன் இந்தச் செலவைச் செய்யுங்கள். நனைந்ததை வெயிலில் போடாமல் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், தோல் விறைக்காது.

இப்போது அந்த நூறு பந்து. நெட்டில் ஆறு பேர் மாறி மாறிப் போடும் பந்தை மூச்சு விடாமல் ஆடுவது, நம்பிக்கை இழந்தவரை இன்னும் குழப்பும். ஒரே ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு த்ரோடவுன் செய்யுங்கள், அதாவது அவர் கையால் வீசித் தரும் பந்தை ஆடுங்கள், 40 நிமிடம் போதும்.

முதல் 24 பந்து, எட்டு மீட்டரிலிருந்து கையைத் தாழ்த்தி வீசச் சொல்லுங்கள். கண்ணுக்கு நேர் கீழே சந்தித்து, வீசியவர் காலடிக்கே தரையோடு திருப்புங்கள். அடுத்த 36, பதினைந்து மீட்டரிலிருந்து ஆஃப் ஸ்டம்பிலும் அதற்குச் சற்று வெளியேயும். ஒவ்வொன்றுக்கும் "ஆடு" அல்லது "விடு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாக விட்டதும் வெற்றிதான். பிறகு உங்களுக்கு நன்றாக வரும் இரண்டு ஷாட், ஒவ்வொன்றுக்கும் 20 பந்து. அத்தோடு நிறுத்துங்கள். கடைசியில் நாலு சிக்ஸர் முயன்று மூன்றைத் தவறவிட்டால், வீட்டுக்கு எடுத்துப்போவது அந்த மூன்றைத்தான்.

அவுட் ஆக்கும் ஷாட்டை நாலு ஆட்டத்துக்குப் பூட்டி வையுங்கள். 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டில் சச்சின் செய்தது இதுதான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடி அவுட் ஆகிக்கொண்டிருந்தவர், கவர் டிரைவையே ஒதுக்கிவிட்டு 436 பந்தில் 241 எடுத்து அவுட் ஆகாமல் நின்றார்.

ஃபார்ம் இல்லையென்று ஆறாவது, ஏழாவது இடத்துக்கு இறங்கிவிடாதீர்கள். 20 ஓவர் ஆட்டத்தில் அங்கே எட்டுப் பந்துதான் கிடைக்கும், முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்க வேண்டும். அதைவிட, "அண்ணே, அடுத்த நட்பு ஆட்டத்துல என்னைத் தொடக்கத்துல இறக்குங்க" என்று கேப்டனிடம் கேளுங்கள்.

ஆட்ட நாளில் உங்களுக்கு முன் ஒருவர் மட்டும் பாக்கி இருக்கும்போதே கூடாரத்திலிருந்து வெளியே வந்து வெயிலில் நில்லுங்கள். நிழலில் இருந்த கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். உள்ளே போனதும் இலக்கு 20 பந்து, ரன் கணக்கு வேண்டாம். முதல் வேலை ஒரு சிங்கிள்: கையைத் தளர்த்தி பாயின்ட் பக்கமோ மிட்விக்கெட் பக்கமோ காலடியில் இறக்கிவிட்டு, பார்ட்னரை அழைத்து ஓடுங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் பந்து உங்களை அடைய ஏறக்குறைய 0.6 விநாடிதான், அதற்குள் யோசிக்க முடியாது. யோசனையெல்லாம் இரண்டு பந்துக்கு நடுவில். ஸ்கொயர் லெக் பக்கம் நாலடி நடந்து, பிடியைத் தளர்த்தி, தூரத்து மரம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பவுலர் ஓடி வரும்போது அவர் கையில் இருக்கும் பந்து மட்டும்.

பெரும்பாலோர் மறுபடி சறுக்குவது 30 ரன் எடுத்த அடுத்த ஆட்டத்தில்தான், பூட்டிய ஷாட்டை உடனே திறந்துவிடுவதால். இன்னொன்று, வாரம் ஒருவர் பேச்சைக் கேட்டு ஸ்டான்ஸை மாற்றுவது. ஆலோசனை கேட்க ஒரே ஆள் போதும். நாலு இன்னிங்ஸில் மூன்றில் 20 பந்து நின்றுவிட்டீர்கள் என்றால் பூட்டிய ஷாட்டை எடுங்கள். முதலில் த்ரோடவுனில் 30 பந்து, பிறகு ஆட்டத்தில், அதுவும் 25 பந்து ஆடிய பிறகு.