கை தெரியாம பட்டு படை கெளம்பாம இருக்க ஃபார்ம எப்டி கட்டுறது

வியாசர்பாடில எங்க தெரு பசங்களுக்காக பிரவுசர்ல ஆடுற குட்டி போர் கேம் ஒண்ணு பண்ணேன். போன வாரம் ஒருத்தன் ஷேர் ஆட்டோல ஆடினு வந்தான், தண்டையார்பேட்டைகிட்ட ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு, 50 பேர் போக வேண்டிய எடத்துல 500 பேரும் போய்ட்டாங்க, கோட்டை காலி. "நான் எங்கடா அனுப்புனேன், அதுவா பூட்ச்சு"ன்றான். கோட தொறந்து பார்த்தா தப்பு ஃபுல்லா என்னுது.

கேரம்ல ஸ்ட்ரைக்கர வச்சு எவ்ளோ நேரம் வேணா குறி பார்க்கலாம், சுண்டுனா தான் ஆட்டம். எத்தன பேர அனுப்பணும்னு நெரப்பி அனுப்புற ஃபார்மும் அப்டி தான் இருக்கணும்.

மொதல்ல பட்டன பாருங்க. ஃபார்முக்குள்ள இருக்குற பட்டனுக்கு டைப் எதுவும் குடுக்கலனா எச்டிஎம்எல் (வெப் பேஜ் எழுதுற மொழி) அத சப்மிட் பட்டனாவே, அதாவது ஃபார்ம அனுப்புற பட்டனாவே எடுத்துக்கும். பொட்டில 500-னு நெரப்ப 'எல்லாரும்'னு ஒரு பட்டன் வச்சிருந்தேன், டைப் போடல, அதனால அது நம்பரயும் நெரப்பி அதே தட்டுல ஃபார்மயும் அனுப்பிடுச்சு. அதுக்கு டைப் 'பட்டன்'னு குடுத்துட்டு, 'அனுப்பு'க்கு மட்டும் 'சப்மிட்' வைங்க.

அப்புறம் நம்பர் பொட்டி. டைப் 'நம்பர்'னு வச்சா, கர்சர் உள்ள இருக்கும்போது மவுஸ் வீல உருட்டுனா சில பிரவுசர்ல எண்ணிக்க மாறிடும், ஆடுறவனுக்கு தெரியவே தெரியாது. டைப் 'டெக்ஸ்ட்', இன்புட்மோட் 'நியூமெரிக்'னு போட்டுடுங்க, போன்ல நம்பர் கீபோர்டு தான் வரும்.

பட்டன் சைஸுக்கு ஆண்ட்ராய்டு சொல்றது 48 டிபி (எந்த ஸ்கிரீன்லயும் ஏறக்கொறைய ஒரே சைஸா தெரியுற அளவு), அதுக்கு கம்மியா வேணாம். 'சரணடை' பட்டன 'அனுப்பு' பக்கத்துல வைக்காதீங்க ப்ளீஸ்.

கன்ஃபர்ம் பாக்ஸ்ல தான் எல்லாரும் சொதப்புறாங்க. ஒவ்வொரு தடவயும் "நிச்சயமா?"னு கேட்டா நாலாவது தடவ படிக்காமலே ஓகே அடிப்பான். கோட்டை காலி ஆகுற மாதிரி மூவுக்கு மட்டும் கேளுங்க, கேக்கும்போது "500 பேர் போறாங்க, கோட்டைல மிச்சம் 0"னு கணக்க காட்டுங்க. ஆன்லைன் செஸ் சைட் லிச்செஸ்ல கூட மூவ் கன்ஃபர்மேஷன் செட்டிங் இருக்கு, நாள் கணக்குல ஆடுற கரஸ்பாண்டன்ஸ் ஆட்டத்துக்கு மட்டும் போட்டுக்கலாம், சில நிமிஷத்துல முடியுற பிளிட்ஸ்ல கேட்டுனு இருந்தா கடுப்பாயிடும்.

கடைசியா சர்வர். நெட் ஸ்லோனா ரெண்டு தடவ தட்டுவாங்க, பட்டன டிஸேபிள் பண்றது மட்டும் பத்தாது, ஃபார்ம்ல சுத்து நம்பர ஹிட்டன் ஃபீல்டா (ஸ்கிரீன்ல தெரியாத பொட்டி) அனுப்புங்க, அதே சுத்துக்கு ரெண்டாவது மூவ் வந்தா சர்வர் ஏத்துக்காம தள்ளிடணும்.

இப்ப 'எல்லாரும்' தட்டுனா பொட்டில 500 வந்து நிக்குது, அவ்ளோ தான். அவனோட பழைய கோட்டைய மட்டும் திருப்பித் தர மத்த பசங்க ஒத்துக்கல.